சொருகாத ஒயர்

இரண்டாம் ஆட்டம் விட்டு
பெருமாநல்லூர் ரோட்டுப் பேக்கரியில்
ஐந்து டீ, மூன்று முட்டை பப்ஸ்,
ஒரு தேங்காய் பன் சொல்லிவிட்டு
படத்தைப் பிரித்துப் போட்டார்கள்,
செக்கிங் மேசையில் பனியனைப் போல.
எங்கே ஓட்டை, எங்கே எண்ணெய்க் கறை,
எந்தத் தையல் விட்டிருக்கிறது.

முதல் குறை அண்ணனுடையது.
"அந்தத் தொங்குபாலத்துல
அறுபத்தோரு தடவ செத்திருக்கேன்டா நானு.
இவன் ஒரே தாண்டுல தாண்டறான்,
பின்னால வயலின் வேற.
சாகாம தாண்டுனா அது பாலமாடா?
வெறும் ரோடு."

செங்கோட்டுவேல் அவன் கட்சி.
கேமில் ஓநாய்க்குப் பேச்சே இல்லை.
கதவுக்கு அந்தப்புறம் மூச்சு மட்டும் கேட்கும்,
அதற்கே ஒண்ணுக்கு அடக்கிக்கொண்டு
உட்கார்ந்திருப்பானாம்.
டப்பிங்கில் அது
மெட்ராஸ் பாஷையில் வம்புக்கு இழுக்கிறது.
"கம்முன்னு இருந்திருந்தா பயந்திருப்பேன்."

அஸ்கர் ஒப்பவில்லை.
"சந்தையில மாடு வாங்கறவனும்
மாட்டைப் படம் வரையறவனும்
ஒரே பல்லையாடா எண்ணுவாங்க?"
கைதட்டலுக்குச் சுற்றிலும் பார்த்தான்.
பப்ஸ்தான் வந்தது.

சுசாந்த், ஓவர்லாக் டைலர்,
ஒடிசாவிலிருந்து வந்து எட்டு வருடம்,
எங்களைவிடச் சுத்தமாக 'ங்க' போடுபவன்:
"போன்ல வெளயாடினேனுங்க.
மூணாவது கதவு வரும்போதெல்லாம்
டபுள் ஷிப்ட் வந்துருமுங்க.
நாலு வருசமா அந்தக் கதவுகிட்டயே நிக்கறேன்.
இன்னைக்கு ரெண்டேகால் மணி நேரத்துல
தொறந்து காட்டிப்போட்டாங்க.
நூத்தம்பது ரூவாய்க்கு
வேற என்னங்க வேணும்?"

சர்க்கரை போதவில்லை என்று
செங்கோட்டுவேல் எழுந்து போனான்.

பிறகு என்னைக் கேட்டார்கள், மரியாதைக்கு.
"அவளுக்குக் கேமே தெரியாதே" என்றான் அண்ணன்.

தெரியும்.
இரண்டாயிரத்து நான்கு, முழுப்பரீட்சை லீவு,
டிவிக்கு முன்னால் பாயில் நாம் இருவர்.
உன் கையில் ஒரு ரிமோட், என் கையில் ஒன்று.
என்னுடையதன் ஒயர்
ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்
எதிலும் சொருகாமல் கிடந்ததை
தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கிறபோதுதான் பார்த்தேன்.
அதுவரைக்கும்
நீ செத்த ஒவ்வொரு தடவையும்
நான்தான் லேட்டாக அமுக்கிவிட்டேன் என்று
உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.
நீயும் மன்னித்திருக்கிறாய்.

பார்த்த பிறகும் சொல்லவில்லை.
சொன்னால் பாயில் இடம் போய்விடும்.
அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

இன்னொன்று.
ஒவ்வொரு கதவுக்கும் முன்னால்
ஒரு பெண் விளக்கோடு வந்து வாயைத் திறப்பாள்.
நீ ஸ்கிப் அமுக்குவாய்.
திறந்த வாயோடு மறைந்து போவாள்.
இருபது வருடம்
அவள் என்ன சொல்ல வந்தாள் என்று தெரியாமல்
ஸ்கூல் முடித்து, காலேஜ் முடித்து,
மெர்ச்சண்டைசராகி,
ஜெர்மனிக்காரனுக்கு மெயில் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இன்று சொல்லி முடித்தாள்.
மட்டமான வசனம்தான்.
உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.
அந்த ஓநாய் அவள் அண்ணனாம்.
முன்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.
ஆனாலும் முடித்தாள்.

இதையெல்லாம் சொன்னேனா?
"பரவால்ல, ஒருக்கா பாக்கலாம்" என்றேன்.
"பாத்தியா, வெளயாடாதவங்களுக்குத்தான் புடிக்கும்"
என்று தீர்ப்பை முடித்து
டீக்காசையும் அவனே கொடுத்தான்.
மிச்சமிருந்த பன்னைப் பாதியாகப் பிய்த்து
பெரிய பாதியை என் பக்கம் தள்ளினான்.
அதுவும் எழுதப்பட வேண்டியதுதான்.

நொய்யல் பாலம் தாண்டினால்
பெயிண்ட் அடிக்காத வேகத்தடை ஒன்று.
அவனுக்குத் தெரியாது.
தினமும் கம்பெனி பஸ்ஸில்
என் முதுகெலும்புக்குத் தெரியும்.
பின்சீட்டில் உட்கார்ந்து
காற்றில் கட்டைவிரலை
சரியான நேரத்துக்கு அமுக்கினேன்.

வண்டி எகிறி இறங்கியது.
"செத்தோம்னு நெனச்சேன்" என்றான்.